சீட்டை விட்டு இறங்காத டிரைவர்

இடுப்புக்குக் கீழே அவர் எப்படி இருப்பார் என்று மலாக்காவின் கஜா பெராங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலில் தெரிந்த பெரிய தலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது முழங்கை, அவ்வளவுதான். மீதி உடம்பு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம்.

நான் அந்த பஸ்ஸில் கண்டக்டர். கஜா பெராங்கில் புறப்பட்டு, டவுனைத் தொட்டு, தெங்கேரா வழியாக புக்கிட் ரம்பாய் வரை போய்த் திரும்பும் பஸ் அது. எனக்கு முப்பதை நெருங்கும் வயது. கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்கு ஐம்பது இருக்கும். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பிருந்தே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தோம் என்றுதான் பேர். அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரவே மாட்டேன். டிக்கெட் கிழிப்பது, மூட்டையை ஏற்றுவது, கோழிக்கூடையை இறக்குவது, படியில் தொங்குபவனை உள்ளே தள்ளுவது எல்லாம் என் வேலை. அதற்கு மேல் அவருக்குக் கோப்பி வாங்கி வருவதும் என் வேலை.

எங்களுக்குள் ஒரு ஹார்ன் பாஷை இருந்தது. சின்னதாக ஒரு தட்டு தட்டினால் கோப்பி. விட்டு விட்டுத் தட்டினால் வெற்றிலை பாக்கு. நீட்டி அழுத்தினால் சுருட்டு. சுருட்டு வேண்டுமென்று அவர் நீட்டி அழுத்தும்போதெல்லாம் முன்னால் போகும் மாட்டு வண்டிக்காரனும் சைக்கிள்காரனும் தங்களைத்தான் திட்டுகிறார் என்று பதறி ஓரமாக ஒதுங்குவார்கள். அவர் அவர்களைப் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார்.

டயர் பஞ்சரானாலும் இறங்க மாட்டார். பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு, அவரோடு சேர்த்தே நான் பஸ்ஸை ஜாக்கி வைத்துத் தூக்குவேன். மேலேயிருந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பார்த்து, தம்பி. ஆட்டாத. எனக்குத் தலை சுத்துது" என்பார்.

சாமிக்கும் இதே சட்டம்தான். வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் முனையில் பஸ்ஸை ஓரங்கட்டுவார். தெருவுக்குள்ளே பிள்ளையார் கோயில். சூடத்தைக் கையில் கொடுத்து என்னை அனுப்புவார். நான் ஓடிப் போய்க் கொளுத்தி, கும்பிட்டு, திருநீறோடு திரும்பி வரும்வரை மலாய், சீன, தமிழ்ப் பயணிகள் எல்லாரும் பஸ்ஸுக்குள் காத்திருக்க வேண்டும். நான் வந்ததும் நெற்றியை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். நான் பூசிவிடுவேன். ஒரு தடவை அவசரத்தில் என் கைக்குக் கிடைத்தது அவர் மூக்கு. அன்று முழுக்க மூக்கில் திருநீற்றோடுதான் ஓட்டினார். இறங்கினால்தானே முகம் கழுவ.

கடைசி டிரிப் முடிந்தால் பஸ் டிப்போவுக்குப் போகவேண்டும் என்பது விதி. டிப்போவில் இடம் பற்றாது, ராத்திரியில் எவனாவது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்றெல்லாம் சீன முதலாளியிடம் பேசிப் பேசி, பஸ்ஸைத் தன் வீட்டுச் சந்து முனையிலேயே நிறுத்திக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். வீட்டு வாசலில் இருந்து பஸ்ஸுக்கு நடக்கும் தூரம்தான் அவருடைய ஒரு நாள் நடை. அதுவும் அதிகம் என்று அலுத்துக்கொள்வார்.

அவர் மனைவி கஜா பெராங் செட்டி சமூகத்துப் பெண். நான் அண்ணி என்பேன். பூர்வீகம் தமிழ்நாடு, சாமி நம்முடைய சாமி, வாசலில் மாவிலைத் தோரணம், ஆனால் பேச்சு மட்டும் மலாய். அண்ணன் தமிழில் பேசுவார், அண்ணி மலாயில் பதில் சொல்வார். சண்டையும் அப்படித்தான், இரண்டு பாஷையிலும் குறைவில்லாமல் நடக்கும். நான் இங்கே அண்ணி சொன்னதையெல்லாம் தமிழில்தான் எழுதுகிறேன். அண்ணி ஒல்லி. சாரோங் கட்டிக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய் வருவார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், "இந்த மனுஷனுக்குக் கால் வேலை செய்யுதா இல்லையான்னு நீயாவது பார்த்தியா?"

"பிரேக் போடுறாரே, அண்ணி. வேலை செய்யுது."

"அப்ப அது பஸ்ஸுக்கு மட்டும்தான்" என்றார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் பஸ்ஸில்தான். மாப்பிள்ளை வீட்டார் தெங்கேராவில் இருந்தார்கள். முறைப்படி இவர் போய்ப் பார்க்க வேண்டும். "எதுக்கு? நம்ம பஸ் அந்தப் பக்கம்தானே போகுது. ஏறச் சொல்லு" என்றார். அவர்கள் குடும்பத்தோடு ஏறினார்கள். இவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பையனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வழியில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு மலாய்ப் பெண் ஏற, பையன் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் கொடுத்தான். டவுன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். டவுனில் பஸ்ஸை நிறுத்தியதும் இவர் ஹார்னைத் தட்டினார். கோப்பியாக்கும் என்று ஜன்னலுக்கு ஓடினேன்.

"பையன் நல்ல பையன். எழுந்திரிக்கத் தெரிஞ்சிருக்கு. பேசி முடிச்சிடு" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். அடுத்தவர்கள் எழுந்து நிற்பதில் அவருக்கு எப்போதும் பெரிய மரியாதை இருந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் எந்தத் தேதியில் என்பதை முதலில் அறிவித்தது எங்கள் மலாக்காவில்தான். கடலோரத் திடலில் கூட்டம். ஊரே அங்கே போனது. எங்கள் பஸ்ஸில் உள்ளே நிற்க இடமில்லாமல் படியிலும் பின்னால் ஏணியிலும் ஆட்கள். திடலுக்குக் கொஞ்சம் முன்பே வழியை மறித்துவிட்டார்கள். எல்லாரும் குதித்து ஓடினார்கள். நானும் தோல் பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினேன். இவர் இறங்கவில்லை.

"அண்ணே, வாங்க. இந்தா, எட்டிப் பார்த்தா திடல் தெரியுது. நடந்தே போயிடலாம்."

"நீ போ, தம்பி. சுதந்திரம் எப்படியும் கஜா பெராங்குக்கு வந்துதானே ஆகணும்? வர்றப்ப நம்ம பஸ்ஸுலதான் வரும். அப்ப பார்த்துக்கறேன்."

நான் திடலுக்குப் போய், மனிதத் தலைகளுக்கு நடுவில் ஒன்றும் சரியாகக் காதில் விழாமலே கைதட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, எந்த மாதம் என்று சொன்னேன். "இன்னும் இவ்வளவு நாள் இருக்கா? அதுக்கா இந்த ஓட்டம் ஓடினீங்க?" என்றார்.

ஆனால் அன்று திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். கூட்டம் இடித்ததில் அவருடைய வெற்றிலைப் பை படிக்கட்டுப் பக்கம் விழுந்துவிட்டது. நான் பின்னால் இருந்தேன். அவரே குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அவ்வளவுதான். அதற்கே மூச்சு இரைத்தது. சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வாயைத் திறந்து காற்று வாங்கினார். என்ன அண்ணே என்று கேட்டதற்கு, "காத்து புடிச்சிருக்கு. ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்றார். அதற்குப் பிறகு அடிக்கடி காற்றுப் பிடித்தது. பஸ் சீட்டுக்குக் கீழே ஓமத் தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டே வந்தது.

ஒரு நாள் புக்கிட் ரம்பாயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் உச்சிக்கு வரவில்லை. தெங்கேராவில் ஒரு பஸ் ஸ்டாப்பில் வழக்கத்தைவிட மெதுவாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் பஸ்ஸை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஹார்னைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினார். நான் கீழே குதித்து ஜன்னல் பக்கம் போனேன்.

"கோப்பியா அண்ணே?"

"இல்ல தம்பி. நான் இறங்கணும் போல இருக்கு."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இறங்க வேண்டும் என்று அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பயணிகளில் இரண்டு மீன்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் நானுமாகத் தூக்கி, பின்னால் வந்த ஒரு லாரியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். லாரி முழுக்க மீன் ஐஸ். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "பஸ் சாவி?" என்றார்.

"என்கிட்ட இருக்கு, அண்ணே."

"எவனும் என் சீட்டுல உட்காரக் கூடாது."

மாரடைப்பு என்றார்கள். வார்டில் ஓர் இளம் சீன டாக்டர். கட்டிலை விட்டு அசையக் கூடாது, பல வாரங்களுக்கு இப்படியே படுத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் அந்தத் தண்டனையைத் தாங்க முடியாமல் புலம்பினார்கள். இவர் மட்டும் முகத்தில் ஒரு தெளிச்சியோடு படுத்திருந்தார். நான் பார்க்கப் போனபோது மெதுவான குரலில் சொன்னார், "தம்பி, இத்தனை நாளா என்னை எல்லாரும் சோம்பேறின்னீங்க. இப்ப பாரு, படிச்ச டாக்டரே சொல்றாரு, அசையாதேன்னு."

அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. இதைக் கேட்டதும் அந்த வீங்கின கண்ணாலேயே ஒரு முறை முறைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது; நோயாளிகளிடம் மலாயில் பேசுவார். இப்போதைக்கு பஸ் ஓட்டக் கூடாது, சுருட்டு பிடிக்கவே கூடாது என்றார். கடைசியாக, "ஹாரி ஹாரி ஜாலான்" என்றார். தினமும் நட என்று அர்த்தம். கஜா பெராங்கிலிருந்து தெங்கேரா பக்கம், முடிகிற வரை, மெதுவாக. போகப் போகத் தூரத்தைக் கூட்டிக்கொள் என்று விளக்கமாகவே சொன்னார். இவர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் மலாயில் ஜாலான் என்றால் நடை, தெருவுக்கும் அதே பேர்தான்.

அப்போது எங்கள் பஸ்ஸுக்கு மாற்று டிரைவராக ஒரு மலாய் இளைஞர் வந்திருந்தார். அடுத்த வாரம் ஒரு காலையில் கஜா பெராங் ஸ்டாப்பில் அண்ணன் நிற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் குடை, தோளில் துண்டு. நடைக்குப் புறப்பட்ட கோலம். பஸ் நின்றதும் ஏறினார். தெங்கேராவுக்கு ஒரு டிக்கெட் என்றார். கிழித்துக் கொடுத்தேன். உட்காரவில்லை. பஸ் கிளம்பியதும் சீட்டுகளுக்கு நடுவே முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தார். திரும்பிப் பின்னாலிருந்து முன்னால் நடந்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"டாக்டர் தெங்கேரா வரைக்கும் நடக்கச் சொன்னாரு. நடக்கிறேன்."

"அண்ணே, தரையில நடக்கச் சொன்னாரு."

"தரைன்னு சொல்லலியே. ஜாலான்னுதான் சொன்னாரு. ஜாலான்னா தெருவு. பஸ் இப்ப எங்க போகுது? தெருவுலதானே? நான் நடந்துக்கிட்டே தெருவுல போறேன். ரெண்டு அர்த்தத்துக்கும் சரியா இருக்கா இல்லையா?"

வளைவு வரும்போதெல்லாம் பயணிகள் மேல் சாய்ந்தார். கூடையோடு இருந்த ஒரு வயதான மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், "பேசாமல் உட்காருங்களேன்" என்று தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "முடியாது, மருந்து" என்று நகர்ந்தார். நான் டிக்கெட் போட முன்னால் போனால் அவர் எதிரே வருவார். அந்த உடம்புக்கு நான் ஒதுங்க இடம் ஏது? யாராவது ஒருவர் மடியில் நான் உட்கார வேண்டியிருக்கும். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. வீட்டில் அண்ணியிடம், இன்றைக்குத் தெங்கேரா போய் வந்தேன், கால் விட்டுப் போகுது, கொஞ்சம் அமுக்கு என்று சொல்லியிருக்கிறார். அண்ணியும் பாவம், தைலம் போட்டு அமுக்கியிருக்கிறார்.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நான் இல்லை. ஒரு காலை, அண்ணன் ஏறின ஸ்டாப்புக்கு அடுத்த ஸ்டாப்பில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். ஏறினார். பஸ்ஸுக்குள் வேட்டியும் குடையுமாக உலாத்திக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தார். இவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கத்தப் போகிறார் என்று நாங்கள் எல்லாரும் ஆவலோடு காத்திருந்தோம்.

அண்ணி கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்தப் பையைக் கழற்று" என்றார்.

"எந்தப் பை, அண்ணி?"

"உன் இடுப்புல இருக்கறது. நடக்கறதுதான் நடக்கறார், சும்மா ஏன் நடக்கணும்? டிக்கெட் போடட்டும்."

கழற்றினேன். அண்ணியே தன் கையால் அவர் இடுப்பில் மாட்டிவிட்டார். வார் எட்டவில்லை. கடைசித் துளைக்கும் அந்தப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு மக்சிக் முன்பு தட்டிக் காட்டின அதே இடத்தில் உட்கார்ந்து, டவுன் வரைக்கும் டிக்கெட் என்று கை நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் மனைவியிடம் காசு கேட்டு நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பஸ் குலுங்கிச் சிரித்தது.

விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக நிற்கவில்லை. இத்தனை வருஷமாகத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பயணிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தெங்கேரா வந்தால் யார் தூங்குகிற மாதிரி நடிப்பார், யார் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வார், யார் பழைய டிக்கெட்டையே மடித்து மடித்துக் காட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேராக அவர்கள் முன்னால் போய் நின்று கை நீட்டினார். இதற்குள் டிப்போ மேனேஜர் காதுக்குச் செய்தி எட்டி, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் ஏறினார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லாததைப் பார்த்துவிட்டு யோசனையோடு இறங்கிப் போனார். அந்த மாதமே மாற்று டிரைவர் சிங்கப்பூரில் லாரி வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். என்னிடம் டிரைவர் லைசென்ஸ் இருந்தது. சீட்டுத்தான் காலியில்லாமல் இருந்தது. கண்டக்டர் வேலை செய்தால் ஆபத்தில்லையே என்று டாக்டரிடமே ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவசரப்படாமல் செய்யட்டும், நல்லதுதான் என்று பதில் வந்தது. நான் டிரைவர், அண்ணன் கண்டக்டர் என்று முடிவானது.

அவர் சீட்டில் நான் முதலில் உட்கார்ந்த அன்று அது என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் உடம்புக்குப் பழகின பள்ளம். அண்ணன் கீழே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் தாங்காத முகம். "ரொம்பப் பின்னால சாயாத. ஸ்பிரிங் போயிடும்" என்றார்.

முதல் நாட்களில் அவருக்குச் சிரமம்தான். ஒரு நடை முன்னும் பின்னும் போய் வந்தாலே நின்று மூச்சு வாங்குவார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டுவேன். "நாயா அலையறேன், தம்பி. இப்படி அலைஞ்சா இருக்கிற நெஞ்சும் நின்னுடும்" என்று புலம்புவார். நிற்கவில்லை. நாளாக ஆக, முதலில் புலம்பல் நீண்டது, பிறகு நடை நீண்டது. ஸ்டாப்பில் தானே கீழே இறங்க ஆரம்பித்தார். அடுத்து மூட்டைக்குக் கை கொடுக்க ஆரம்பித்தார். ஓமத் தண்ணீர் பாட்டிலைப் பஸ்ஸில் காணோம். தோல் பையின் வார் ஒவ்வொரு துளையாக உள்ளே வந்தது. சுருட்டு மட்டும் முழுசாகப் போகவில்லை. கேட்டால் வாயில் வைத்திருக்கிறேனே தவிரப் பற்றவைக்கவில்லை என்பார்.

என் கதையோ நேர் எதிர். சட்டை இறுக ஆரம்பித்தது. ஒரு நாள் டவுன் ஸ்டாண்டில் நான் ஹார்னைச் சின்னதாக ஒரு தட்டுத் தட்டினேன். அவர் ஜன்னலுக்கு வந்தார். வெறும் கை.

"என்னா?"

"கோப்பி, அண்ணே."

"கோப்பி கடையில இருக்கு. கடை அந்தா இருக்கு. கால் உன்கிட்ட இருக்கு. இறங்கு."

"அண்ணே, உங்களுக்கு நான் எத்தனை வருஷம்..."

"அதனாலதான் சொல்றேன். எனக்கு வாங்கிக் கொடுத்துக் கொடுத்துத்தானே என்னை லாரியில ஏத்தினே? இறங்கு."

நான் இறங்கும்வரை மணியை அடித்துக்கொண்டே இருந்தார். பயணிகள் எல்லாரும் என்னை முறைத்தார்கள். இறங்கிப் போய் நானே குடித்துவிட்டு வந்தேன். பிறகு தினமும் அப்படித்தான்.

இன்னொரு மாற்றத்தை நான் மெதுவாகத்தான் கண்டுகொண்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று ஒரு பலகை இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர் இப்போது அந்தப் பக்கம் நின்றார். அங்கே எல்லாரும் பேசினார்கள். கண்ணாடியில் கோபக்காரியாகத் தெரிந்த மக்சிக், பக்கத்தில் போனால் நல்ல வாயாடி. அவருடைய மருமகள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினால், இவர் மறுநாள் ஸ்டாப்பிலேயே நின்று, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார். ஹொக்கியன் பேசும் சீன மீன்காரக் கிழவர் ஒருவர் இவருக்கென்று பொடிமீன் கட்டி வைத்திருப்பார். யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருக்கு நெஞ்சுவலி எல்லாம் இவருக்குத் தெரிந்தது. எவனாவது நெஞ்சைத் தடவிக்கொண்டு காற்றுப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதும், அவனை ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறக்கிவிட்டு, "நடந்து போ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ" என்பார். சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒருவரும் திரும்ப ஏறாமல் இருந்ததில்லை.

சுதந்திரமும் வந்து, அதற்கான அலங்கார விளக்குகளை எல்லாம் கழற்றி முடித்த பிறகு, ஒரு நாள் அவரை மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். நானும் துணைக்குப் போனேன். அதே இளம் டாக்டர். நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி கேட்டார். முகம் மலர்ந்து, மலாயில், தெளிவாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் சொன்னார்: நெஞ்சு நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் இனி நீங்கள் பஸ் ஓட்டலாம்.

எனக்குத் திக்கென்றது. சீட்டு போகிறதே என்று. ஆனாலும் அது அவருடைய சீட்டுத்தான். வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தம்பி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓட்டலாம்னு சொன்னாரு, அண்ணே."

"இல்ல. இனிமே ஓட்டவே கூடாதுன்னு சொன்னாரு."

"அண்ணே, நான் பக்கத்துலதானே நின்னேன்."

"உனக்கு மலாய் பத்தாது" என்றார். ஸ்டாப்பை நோக்கி நடந்தோம். அவர்தான் முன்னால் நடந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார், "அந்தச் சீட்டுல உட்கார்ந்தா எல்லாரும் பின்னாலதான் இருக்காங்க, தம்பி. ஒருத்தன் முகமும் நேரா தெரிய மாட்டேங்குது."

வீட்டு வாசலில் அண்ணி காத்திருந்தார். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய சோகத்தைச் சுமந்து வந்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். "இனி ஜென்மத்துக்கும் பஸ் ஓட்டக் கூடாதாம். நடந்துக்கிட்டேதான் இருக்கணுமாம். என் தலையெழுத்து" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன். அண்ணி கெபாயாச் சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. பாவம், அழுகிறார் என்று எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

அவர் அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தப் பையோடு அலைந்தார். வேலையை விட்ட பிறகும் காலையில் தெங்கேரா பக்கம் நடந்து போய், வழியில் தென்பட்டவர்களிடம் எல்லாம் பேசிவிட்டு, வெயில் ஏறின பிறகுதான் வருவார். நன்றாக வயதாகி, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். நெஞ்சு கடைசி வரை படுத்தவில்லை.

கருமாதி முடிந்து, வந்தவர்கள் கிளம்பின பிறகு அண்ணி என்னை உட்காரச் சொன்னார். மறுபரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அன்றைக்கு அண்ணன் சொன்னது பொய் என்று இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுக்கு முந்தின நாள் நானே அந்த டாக்டர்கிட்ட போயிருந்தேன். இனி பஸ் ஓட்டவே கூடாதுன்னு இவர்கிட்ட சொல்லிடுங்க, மறுபடி உட்கார்ந்தா இந்த மனுஷன் எழுந்திரிக்க மாட்டார்னு கெஞ்சினேன். நான் பொய் சொல்ல மாட்டேன்னுட்டார் அந்தப் பிள்ளை. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன். மறுநாள் பார்த்தா இவரே வந்து, ஓட்டக் கூடாதாம்னு சொல்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அதான் உள்ளே ஓடினேன்."

"இதை அண்ணன்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேனா?" என்றார் அண்ணி. "சொல்லியிருந்தா, உனக்காகத்தான் நடக்கறேன்னு தினமும் ராத்திரி காலை நீட்டியிருப்பாரே. யார் அமுக்கறது?"